பிப்ரவரியில் ஒரு நாள் மெர்செட் மேய்ச்சல் வெளிக்கு: விரிகுடாப் பகுதித் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா முடிந்து, சித்திரைத் திருநாளுக்கான ஒத்திகைகள் தொடங்குவதற்கு முன்பு வரும் பிப்ரவரி மாதத்தில் உங்கள் நாள்காட்டியில் பெரும்பாலும் இடம் இருக்கும். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளையும் மெர்செட் கவுன்டியின் நீர்நிலைகளுக்கும் அவற்றைச் சூழ்ந்துள்ள மேய்ச்சல் நிலங்களுக்கும் பறவை பார்க்க அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அப்படிச் செல்லும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோளில் அடங்கும். ஒழுங்குகளை ஏற்க மனமில்லையென்றால் பயணமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தைப் பின்னர் விளக்குகிறேன்.

சான் ஹோசேயிலிருந்து தெற்கே சென்று, 152ஆம் நெடுஞ்சாலையில் பச்சேக்கோ கணவாயைக் கடந்து, சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தின் ஓரமாக இறங்கினால், கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக விரிகிறது. லாஸ் பான்யோஸ் ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் மெர்செட் தேசிய வனவுயிர்ப் புகலிடம் வரும். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம், சிலருக்கு இரண்டரை மணி நேரம் ஆகலாம். குளிர்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் படியும் மூடுபனி மிகவும் அடர்த்தியானது. முன்னே செல்லும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாத காலைகள் உண்டு. ஆகவே இருட்டில் அவசரமாகக் கிளம்பாமல், காலை 9 மணிக்குப் புகலிடப் பகுதியை அடைந்து, மாலை சூரியன் மறையும்வரை இருப்பதாகத் திட்டமிடுவது நல்லது. இந்த இடத்தின் உயிர்நாடியே அந்த மாலை வேளைதான்.

ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் 20,000க்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கிரேன்களும், ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டும் காட்டு வாத்துகள் ஏறத்தாழ 60,000மும் இந்தப் புகலிடத்துக்கு வந்து, ஆறு மாத காலம் தங்குகின்றன. கிரேன் என்ற சொல்லை அப்படியே எழுதுவதற்காகப் பொறுத்தருள வேண்டும். நாம் ஊரில் பார்த்து வளர்ந்த கொக்கும் நாரையும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், கிரேன் நீட்டிக்கொண்டு பறக்கும். நாரை மரத்தில் கூடு கட்டும், கிரேன் சதுப்பில் தரையோடு கட்டும். பிள்ளைகள் இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், பெரியவர்களுக்குத்தான் சற்று நேரம் ஆகும்.

ஒன்பது குளிர்காலங்களாக நான் அங்கே போய்வருகிறேன். பிப்ரவரி மாலையொன்றில், வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்த நேரத்தில், வண்டியின் சன்னலை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முப்பது அடி தூரத்தில் ஒரு கிரேன் குடும்பம் மேய்ந்துகொண்டிருந்தது. தாய்க்கும் தந்தைக்கும் நெற்றியில் சிவப்புத் தோல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் நின்ற இளம்பறவைக்கு அந்தச் சிவப்பு இன்னும் வரவில்லை, தலை துருப்பிடித்த பழுப்பாகவே இருந்தது. பெரியவை குரல் கொடுத்தால், கிணற்றுக் கமலையின் மர உருளை நீண்ட நாள் எண்ணெய் காணாமல் உருளும்போது எழும் கரகரப்பு காதில் விழும். அந்தப் பறவையின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் வளைந்து நுழைந்து வெளிவருவதால்தான் அவ்வளவு பெரிய ஓசை. இளம்பறவைக்கோ இன்னும் கோழிக்குஞ்சின் கீச்சுக்குரல். மூன்றடி உயரம் வளர்ந்து, அலாஸ்காவிலிருந்து பறந்து வந்து சேர்ந்த பிறகும், அது "கீய் கீய்" என்று அம்மாவின் பின்னால் ஓடியது. கிரேன்கள் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஒரு குஞ்சுதான் பிழைக்கும், அந்தக் குஞ்சு முதல் குளிர்காலம் முழுவதும் பெற்றோரை விட்டுப் பிரியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த மூன்றையும் அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

இந்தக் கிரேன்கள் நீர்நிலையில் மட்டும் வாழ்வதில்லை. பகலெல்லாம் அறுவடை முடிந்த சோள வயல்களிலும், மாடு மேயும் புல்வெளிகளிலும் சிந்திய தானியம், புழு, பூச்சி என்று பொறுக்கித் தின்னும். இருட்டும் நேரத்தில் கூட்டம் கூட்டமாகத் திரும்பி, கணுக்கால் அளவு நீரில் நின்றபடியே இரவைக் கழிக்கும். கொயோட்டி போன்ற ஓநாயினம் நெருங்கினால் நீர் சலசலக்கும், உடனே விழித்துக்கொள்ளலாம் என்பதே காரணம். ஆகவே நீர் இருந்து மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டால் அவற்றுக்கு உணவில்லை. மேய்ச்சல் நிலம் இருந்து நீர் இல்லாவிட்டால் உறக்கமில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சில மைல் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். நம்மில் பலர் புகலிடத்தின் ஐந்து மைல் சுற்றுப்பாதையை ஒரு வலம் வந்து, படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். வேலிக்கு வெளியே உள்ள மாட்டுப் பண்ணைகளைக் கடந்துபோகும்போது பாட்டைக் கேட்டுக்கொண்டு வேகமெடுக்கிறோம். பயணத்தின் பாதிப் பொருள் அந்த வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் நீரைப் பற்றி. மத்தியப் பள்ளத்தாக்கின் பழைய சதுப்புநிலங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உழவுக்காகவும் ஊர்களுக்காகவும் வடிக்கப்பட்டுவிட்டன. சான் வாக்கின் ஆற்றின் குறுக்கே 1942இல் ஃப்ரையன்ட் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஆற்றின் நீண்ட பகுதி ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தது. 2006இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்பே அதில் மீண்டும் நீர் விடத் தொடங்கினார்கள். இன்று நாம் காணும் குளங்கள் எதுவும் தானாக நிரம்புவதில்லை. இலையுதிர்காலத்தில் கால்வாய் வழியாக நீர் கொண்டுவந்து, பலகை மடைகளை அடைத்து நீர் கட்டுகிறார்கள். வசந்தகாலத்தில் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, வாத்துகள் விரும்பும் புல்விதைகள் முளைக்கும் வகையில் மெல்ல வடிக்கிறார்கள். மதகும் மடையும் வரத்துக்கால்வாயும் அறிந்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு என்னுடன் வந்திருந்த தஞ்சை மாவட்டத்துப் பெரியவர் ஒருவர், மடைப் பலகையைப் பார்த்த மாத்திரத்தில், "இது நம்ம வயல் வேலைதானே!" என்று தம் பேரனை அருகில் அழைத்துக் காட்டினார்.

அந்த நீருக்கு ஒரு துயரமான வரலாறும் உண்டு, அதைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. பாசனம் செய்த வயல்களிலிருந்து வடிந்த கழிவுநீரை இதே பகுதியிலிருந்த கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். மண்ணிலிருந்து கரைந்து வந்த செலினியம் அங்கே சேர்ந்து, 1983இல் முட்டைகளுக்குள் கண்ணும் அலகும் சரியாக உருவாகாத குஞ்சுகள் கண்டறியப்பட்டன. நீர்த்தேக்கம் மூடப்பட்டது. புகலிடங்களுக்கு நல்ல நீர் தரப்பட வேண்டும் என்பது 1992இல் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் ஆயிரக்கணக்கில் மிதக்கும் அந்தக் குளத்துக்கு வரும் நீர், இப்படிப் போராடிப் பெற்ற நீர். இவ்விரண்டு வாத்துகளும் குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கும் வருபவை என்பதால், பள்ளிக்கரணையில் பார்த்த பறவையை இங்கே மறுபடியும் அடையாளம் கண்டு மகிழ்ந்த பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேய்ச்சல் நிலம். மாடு மேய்ந்து புல் கட்டையாக இருக்கும் வெளியை வெறும் தரிசு என்று நினைத்துவிடுகிறோம். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்து பரவிய புல்வகைகள் இங்கே இடுப்புயரம் வளர்ந்து, மண்ணின் மைந்தர்களான சிறு செடிகளை மூடிவிடுகின்றன. மழைநீர் தேங்கி வசந்தத்தில் வற்றும் சிறு குட்டைகளும் அந்தப் புல்லால் தூர்ந்துபோகின்றன. அளவாக மாடு மேய்க்கும் இடங்களில் அந்தக் குட்டைகளில் நீர் நெடுநாள் நிற்கிறது; அவற்றில் மட்டுமே வாழும் கண்ணாடி போன்ற சிற்றிறால்களும் பிழைக்கின்றன. மெர்செட் புகலிடத்திலேயே புல்லைக் கட்டுக்குள் வைக்க மாடுகளை விடுகிறார்கள்.

அந்தக் கட்டைப்புல்லில்தான், பிறைநிலாபோல் வளைந்த நீண்ட அலகை மண்ணுக்குள் முழுவதும் செருகி மண்புழு எடுக்கும் பெரிய கோட்டான்கள் (ஆந்தையல்ல, ஆங்கிலத்தில் கர்லூ) மேய்கின்றன. தாழப் பறந்து எலி தேடும் பூனைப்பருந்தையும், முள்வேலியில் உட்கார்ந்திருக்கும் கீச்சானையும் பார்க்கலாம். பொறுமையிருந்தால், தரை அணில் தோண்டிக் கைவிட்ட வளையின் வாயில் ஒரு சாண் உயரமே உள்ள வளை ஆந்தையையும் பார்க்கலாம். ஒருமுறை சாலையோரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெட்டைக் கால்களில் நின்றபடி, உடலை அசைக்காமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டி, எங்கள் வண்டியை அது அளந்தது. பிறகு ஒரு காலை மடக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. இனப்பெருக்கக் காலத்தில் இந்த ஆந்தைகள் சாணத்தைக் கொண்டுவந்து வளைவாயில் பரப்பி வைக்கும்; அதைத் தேடி வரும் சாண வண்டுகள் அவற்றுக்கு இரை. மாடு, சாணம், வண்டு, ஆந்தை என்ற தொடர்பை ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். இந்த ஆந்தை வேகமாகக் குறைந்துவருவதால், 2024 அக்டோபரில் கலிபோர்னிய மீன், வேட்டை ஆணையம் இதைக் காக்கப்பட வேண்டிய இனமாக அறிவிப்பது குறித்து ஆய்வு செய்ய முடிவெடுத்தது. விரிகுடாப் பகுதியில் இவை வாழ்ந்த வெளிகள் பலவற்றில் இன்று நம் அலுவலகங்களும் அடுக்ககங்களும் நிற்கின்றன என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

பண்ணை நிலம் ஓர் இனத்தையே தாங்கியதற்குச் சான்றும் அருகிலேயே இருக்கிறது. அலாஸ்காவின் அலூசியத் தீவுகளில் கூடு கட்டும் ஒரு சிறிய காட்டு வாத்து, ரோமத்துக்காக அத்தீவுகளில் கொண்டுபோய் விடப்பட்ட நரிகளால் அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1962இல் ஒரே ஒரு தீவில் மிச்சம் இருப்பது தெரியவந்தது. 1975இல் எண்ணியபோது 800கூட இல்லை. தீவுகளிலிருந்து நரிகளை அகற்றினார்கள். ஆனால் அந்த வாத்துகள் குளிர்காலத்தைக் கழித்தது மொடெஸ்டோவுக்கு மேற்கே சான் வாக்கின் ஆற்றங்கரையின் மாட்டுப் பண்ணைகளிலும் வயல்களிலும். அங்கே வேட்டையைத் தடுத்து, 1987இல் ஒரு புகலிடத்தையும் ஏற்படுத்தினார்கள். 2001இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கும் அளவுக்குப் பெருகி, இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பண்ணையாளர்கள் மறுத்திருந்தால் இது நடந்திருக்காது.

மெர்செட் பகுதியில் 1979 முதல் பண்ணையாளர்களோடும் வேட்டைக் கழகங்களோடும் அரசு ஓர் ஏற்பாடு செய்துவருகிறது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும், மாடும் மேயும். உழுது மாற்றுவதற்கும் வீடு கட்டுவதற்குமான உரிமையை மட்டும் அரசுக்கு விற்றுவிடுகிறார்கள். அடுத்த தலைமுறைக்கு நிலம் போனாலும், வேறொருவருக்கு விற்றாலும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். இந்தச் சதுப்பும் புல்வெளியும் சேர்ந்த பரப்பு 2005இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலமாக, அறிவிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே உள்ள நிலத்துக்கு நேர்ந்துவருவதைப் பிப்ரவரியில் கண்கூடாகப் பார்க்கலாம், ஏனென்றால் அப்போதுதான் பாதாம் பூக்கும். உலகின் பாதாமில் ஏறத்தாழ 80 விழுக்காடு கலிபோர்னியாவில் விளைகிறது. ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் காஸ்ட்கோ பாதாம் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் நாம். வெள்ளைப் பூ மூடிய அந்தத் தோப்புகள் அழகாகவே இருக்கின்றன, அவற்றை நம்பி வாழும் குடும்பங்களும் பல. ஆனால் ஆறடி விரிந்த சிறகோடு இறங்கும் கிரேனுக்கு மரவரிசைக்குள் இடமில்லை. வயலும் மேய்ச்சலும் தோப்பாக மாறும் ஒவ்வொரு முறையும் அதன் பகல்நேர உணவுக்களம் நிலையாகக் கைவிட்டுப் போகிறது. பாதாம் வாங்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. தோப்பில் நிறுத்திப் பூவைப் படமெடுக்கும் அதே நாளில், அதன் எதிர்ப்புறத்தில் எஞ்சியிருக்கும் மேய்ச்சல் வெளியையும் பிள்ளைகளுக்குக் காட்டி, இரண்டையும் சேர்த்து யோசிக்கச் செய்யுங்கள் என்றே கேட்கிறேன்.

நான் மதுராந்தகத்தை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவன். ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் நீர்க்கடம்பு மரங்களில் பறவை. கோடையில் ஏரி வற்றினால் அதே தரையில் மாடு. மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் ஊரின் சொத்து என்று எங்களுக்குத் தெரியும். வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுட்ட சிப்பாய்கள் மீது 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் அஞ்சக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த மரபில் வந்த நாம் இங்கே எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம்மவர் குழு ஒன்றோடு நானும் இதே புகலிடத்துக்குச் சென்றிருந்தேன். சுற்றுப்பாதையில் வண்டியைவிட்டு இறங்கக் கூடாத பகுதியில் சிலர் இறங்கினார்கள். எதிரே நீரோரத்தில் ஆயிரக்கணக்கான வெண்வாத்துகள் அமர்ந்திருந்தன. அவை எல்லாம் ஒன்றாக எழும் காட்சி காணொளிக்கு வேண்டும் என்பதற்காக ஒருவர் கைதட்டினார். எழாததால் இன்னொருவர் வண்டியின் ஒலிப்பானை அழுத்தினார். வானமே வெண்மையாக எழுந்தது, எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த இரைச்சல் அடங்கிய பிறகு, தனியே பிரிந்துபோன ஓர் இளம் கிரேன் எங்கள் தலைக்கு மேலே கீச்சுக்குரலில் அழைத்தபடி திரும்பத் திரும்ப வட்டமிட்டதை நான் பார்த்தேன். அதன் பெற்றோர் எந்தத் திசையில் போயின என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே கண்டித்துப் பேசாமல் இருந்தது என் தவறு. அந்த வருத்தமே இந்த மடலை எழுத வைத்தது. பல ஆயிரம் மைல் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை அந்தப் பறவைகள் இந்த மாதங்களில்தான் சேர்க்கின்றன. நம் காணொளிக்காக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே செலவழிக்கின்றன.

ஆகவே ஒழுங்குகளைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டு, ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு ஆறு வண்டிகளுக்கு மேல் வேண்டாம். சுற்றுப்பாதையில் வண்டிதான் மறைவிடம். பறவைகள் வண்டியைக் கண்டு அஞ்சுவதில்லை, இறங்கும் மனிதரைக் கண்டே அஞ்சுகின்றன. இறங்குவதற்கென்று உள்ள பார்வைமேடைகளில் மட்டும் இறங்க வேண்டும். பாட்டு, ட்ரோன், கைதட்டல் எதுவும் கூடாது. பண்ணைச் சாலைகளில் வேலியைத் தொடாமல், வாயிற்கதவை மறிக்காமல், அடுத்த வண்டிக்கு வழிவிட்டு நிறுத்த வேண்டும். பண்ணைக்காரர் யாராவது வண்டியை நிறுத்தி விசாரித்தால், என்ன பறவையைப் பார்க்கிறோம் என்று பைனாகுலரைக் கொடுத்துக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பேச்சுகள் எல்லாம் நட்பாகவே முடிந்திருக்கின்றன. இறந்த பறவை எதையும், பறவைக் காய்ச்சல் காரணமாக, பிள்ளைகள் தொடக் கூடாது. வாத்து வேட்டைப் பருவம் பெரும்பாலும் ஜனவரி இறுதியோடு முடிந்துவிடும் என்பதும் நான் பிப்ரவரியைச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இன்னொரு வேண்டுகோள். பயணத்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் அஞ்சல்தலை போன்ற ஒரு கூட்டாட்சி வாத்து முத்திரை (Duck Stamp) வாங்கும்படி செய்யுங்கள். 1934 முதல் வெளியிடப்படும் இம்முத்திரையின் விலை 25 டாலர். அதில் ஒவ்வொரு டாலருக்கும் 98 சென்ட் சதுப்புநிலங்களை வாங்குவதற்கும், மேலே சொன்ன பண்ணை ஒப்பந்தங்களுக்கும் போகிறது. வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வாங்க வேண்டியது இது. பார்க்க மட்டும் வருகிற நமக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் நாம் பார்க்கும் பறவைகள் அந்தப் பணத்தால் காக்கப்பட்ட நிலத்தில் நிற்கின்றன. மெர்செட் புகலிடத்தில் நுழைவுக்கட்டணமும் இல்லை. விழா நுழைவுச்சீட்டுக்குத் தயங்காமல் கொடுக்கும் தொகைதான் இது. முத்திரையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, ஒரு தாளில் ஒட்டி, அதன் பின்பக்கத்தில் அன்று பார்த்த பறவைகளின் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லலாம்; தமிழ்ப் பள்ளிக்கு அது ஒரு வகுப்பாகவும் அமையும்.

வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னைப் போல் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறோம். எங்களிடம் பொதுப் பயன்பாட்டுக்கு எட்டுப் பைனாகுலர்களும், முக்காலியோடு ஒரு தொலைநோக்கியும் உள்ளன. உணவும் குடிநீரும் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும், கம்பளி அவசியம். முதியவர்களை வண்டியில் முன்னிருக்கையில் அமர்த்துங்கள். பகல் ஒரு மணிவரை மேய்ச்சல் நிலச் சாலைகள், பிறகு புகலிடத்தின் சுற்றுப்பாதை, மாலை 5 மணிக்கு மேல் மேற்குப் பார்த்த மேடையில் அமைதியாக நின்று கிரேன்கள் நீருக்குத் திரும்புவதைப் பார்ப்பது என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம். டிசம்பர் இறுதிக்குள் தேதியை முடிவு செய்து தெரிவித்தால், முதல் குழுவுக்கான வண்டி ஏற்பாட்டையும் பெயர்ப்பட்டியலையும் நாங்களே கவனித்துக்கொள்கிறோம்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்களில் ஒருவன்